பதிவு செய்கிறார்கள், பிறகு ஆளைக் காணோம்: கடைக் கணக்குச் செயலிக்கு என்ன வழி?

கோவை_நிரலாளர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிறு கடைகளுக்கான பில், கணக்குச் செயலி ஒன்றை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தி வருகிறோம். பயனர்களில் பெரும்பாலோர் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து மளிகைக் கடைக்காரர்கள். கொஞ்சம் ஹார்டுவேர், கொஞ்சம் ஜவுளி. செயலி முழுக்கத் தமிழில் இருக்கிறது.

பதிவு வருவதில் குறையில்லை. விளம்பரத்துக்குப் பணம் போட்டால் அன்றைக்கே வருகிறார்கள். தங்குவதில்லை என்பதுதான் கவலை. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு பில்கூடப் போடாமல் போய்விடுகிறார்கள். மீதியில் பலர் ‘சோதனை’ என்ற பெயருக்கு ஒரு ரூபாய் பில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் திறப்பதே இல்லை.

இப்போது உள்ள வரிசை இது. கைப்பேசி எண், ஓடிபி. அடுத்த பக்கத்தில் கடையின் பெயர், உரிமையாளர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், கடை லோகோ. அதற்கடுத்துத் தொடர்புப் பட்டியல், இருப்பிடம், அறிவிப்பு ஆகியவற்றுக்கு அனுமதி. பிறகு மூன்று நிமிட விளக்கக் காணொளி. அதன் பின் ‘உங்கள் முதல் பொருளைச் சேருங்கள்’ என்று ஒரு வெற்றுப் பக்கம். இங்கேதான் கூட்டமாக வெளியேறுகிறார்கள்.

தினமும் காலை 10 மணிக்கு ஒரு அறிவிப்பு அனுப்புகிறோம். அதே நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து பேசுகிறார். பாதிப் பேர் எடுப்பதில்லை, எடுப்பவர்கள் ‘கடையில் ஆள் இருக்கிறது’ என்று வைத்துவிடுகிறார்கள். ஏழு நாளுக்குள் மூன்று பில் போட்டவரைத் ‘துடிப்பான பயனர்’ என்று கணக்கில் எடுக்கிறோம்.

எந்தப் படியை வெட்டுவது? ‘மூன்று பில்’ என்ற அளவுகோல் சரிதானா? கடைக்காரர்களோடு நேரடியாகப் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வளர்ச்சி_ரகு எழுதியது:

இதற்கு ஏற்கெனவே பெரிய நிறுவனங்கள் வழி காட்டியிருக்கின்றன. 10 நாளுக்குள் 7 நண்பர்களைச் சேர்த்தவர் தங்கிவிடுவார் என்று பார்த்து, ஃபேஸ்புக் தன் ஆட்களை அந்த ஒரே குறிக்கோளில் முடுக்கியது. அலுவலகக் குழுக்கள் செய்தி பரிமாறும் செயலியான ஸ்லாக்கை நடத்தும் நிறுவனமோ, ஒரு குழு தங்களுக்குள் 2,000 செய்திகளைப் பரிமாறிவிட்டால் அந்தக் குழு அநேகமாக விட்டுப் போகாது என்று கண்டது. உங்களுக்கும் அப்படி ஒரு மந்திர எண் இருக்கும். தங்கியவர்களின் தரவை எடுத்து, முதல் வாரத்தில் அவர்கள் எத்தனை பில் போட்டார்கள் என்று பாருங்கள். பத்து என்று வந்தால், ‘பத்து பில் போட்டால் ஒரு மாதம் இலவசம்’ என்று அறிவியுங்கள். முதல் வாரம் பத்து பில் வரை தள்ளிவிட்டால் மீதி தானாக நடக்கும்.

காணொளியை முப்பது வினாடிக்குக் குறையுங்கள். லோகோ கேட்பதை எடுத்துவிடுங்கள்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

நான் நிரல் எழுதுகிறவள் இல்லை. திருப்பூரில் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், அதோடு ‘அக்கா, இந்தச் செயலியைக் கொஞ்சம் பழக்கிவிடுங்கள்’ என்று கேட்கும் கடைகளுக்கு அதையும் செய்து தருகிறேன். கடைக்காரர்களின் போன்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பில் செயலிகள் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது.

ரகு தம்பி, பத்து பில்லுக்கு ஒரு மாதம் இலவசம் என்றால் எங்கள் ஆட்கள் பத்து நிமிடத்தில் பத்து ‘சோதனை’ பில் போட்டுவிடுவார்கள். உங்கள் அட்டவணையில் அவர்கள் எல்லோரும் துடிப்பானவர்கள். கடையில் ஒரு மாற்றமும் நடந்திருக்காது. ஏழு நண்பர்கள் இருந்ததால் தங்கினார்களா, தங்கும் எண்ணம் உள்ளவர்கள் தாங்களாகவே ஏழு பேரைச் சேர்த்தார்களா என்பது அந்த எண்ணைப் பார்த்தால் தெரியாது.

கோவைத் தம்பி, உங்கள் சிக்கல் இன்னும் அடியில் இருக்கிறது. மளிகைக் கடைக்காரருக்கு பில் வேண்டியதே இல்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையாகவே இருந்தாலும், 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், வாங்குகிறவர் பதிவு பெறாதவராக இருந்து பில்லும் கேட்காவிட்டால், தனித்தனி பில் தரத் தேவையில்லை; நாள் முடிவில் மொத்தமாக ஒன்று போட்டால் போதும் என்று சட்டமே சொல்கிறது. காலையில் வந்து அரைக் கிலோ துவரம் பருப்பும் ஒரு சோப்பும் வாங்குகிறவரிடம் ‘இருங்கள், பில் போடுகிறேன்’ என்றால் பின்னால் நிற்கிற நாலு பேர் அடுத்த கடைக்குப் போவார்கள். நீங்கள் அவருக்குத் தேவையில்லாத ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அதை மூன்று முறை செய்தாரா என்று எண்ணுகிறீர்கள்.

அவருக்குத் தேவைப்படுவது பாக்கி நோட்டு.

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை கூலி. வாரம் முழுக்கக் கடையில் எழுதி வாங்குவார்கள், சனிக்கிழமை சாயந்திரம் தீர்ப்பார்கள். இங்கே ‘பதினைந்து வேலம்பாளையம்’ என்றொரு பகுதி, அந்தப் பக்கம் ஒரு சனிக்கிழமை ஏழு மணிக்கு ஏதாவது மளிகைக் கடை முன்னால் போய் நில்லுங்கள். கம்பெனி விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். கடைக்காரர் நீள நோட்டைப் புரட்டுவார். பெயர்கள் எப்படி இருக்கும் தெரியுமா? ‘மாடி வீட்டு அக்கா’, ‘டெய்லர் மணி’, ‘ஒடிசா பையன், நீல சைக்கிள்’. ஒவ்வொரு பக்கத்திலும் 85, 120, 40, 15 என்று வரிசையாக இருக்கும். பென்சிலால் கூட்டுவார். கூட்டும்போது எதிரில் இருப்பவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுப்பார். அதிலும் அதே கணக்கு இருக்கும். இரண்டும் பொருந்தினால் பணம் கைமாறும். இருபது ரூபாய் வித்தியாசம் வந்தால் வரிசை நின்றுவிடும்.

செயலி வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான். அன்றைக்கு ஒரே ஒருவருடைய பாக்கியையாவது செயலியில் தெரிந்த தொகையைச் சொல்லி வாங்கி, எதிரில் நின்றவரும் ‘சரி’ என்று கொடுத்துவிட்டாரானால், அந்தக் கடைக்காரர் அடுத்த வாரம் நிச்சயம் திறப்பார். நான் பழக்கிவிட்ட கடைகளில் தொடர்ந்து வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு சனிக்கிழமையைக் கடந்தவர்கள். அதற்கு முன்னால் நின்றுபோனவர்களைப் பிறகு யார் கெஞ்சினாலும் திறக்கவைக்க முடிவதில்லை.

ஆகவே ‘ஏழு நாளில் மூன்று பில்’லைத் தூக்கி எறியுங்கள். ‘முதல் சனிக்கிழமையில் ஒரு பாக்கி வரவு பதிவானதா’ என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை பதிவு செய்தவருக்கு அடுத்த வாரச் சனிக்கிழமையைக் கணக்கில் எடுங்கள், அவர் கையில் மறுநாளே வசூலிக்க ஒன்றும் இருக்காது. மாதச் சம்பளக்காரர்கள் குடியிருக்கும் பகுதி என்றால் மாத முதல் வாரம்தான் அவர்களுடைய சனிக்கிழமை. இதைக் கடைக்காரரிடம் ஒரு கேள்வியாகவே கேட்கலாம்: ‘உங்களுக்குப் பாக்கி எப்போது வரும்? வாரக் கடைசியா, மாத ஆரம்பமா?’ பதிவுப் பக்கத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான் என்பேன்.

மற்றதையெல்லாம் எதற்குக் கேட்கிறீர்கள்? பெண் பார்க்க வந்த இடத்தில் சொத்துப் பத்திரத்தை எடுத்து வைக்கச் சொல்வதுபோல இருக்கிறது உங்கள் இரண்டாம் பக்கம். அதிலும் அந்த ஜிஎஸ்டி எண். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத, சரக்கு மட்டும் விற்கிற சின்னக் கடைகள் பலவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது. ‘33’ என்று தொடங்கும் 15 எழுத்துக் கட்டம் ஒன்று சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தால், எண் இல்லாதவர் ‘இது நமக்கில்லை’ என்று போவார். எண் வைத்திருப்பவர் ‘இது வரி ஆபீஸுக்குப் போகுமோ’ என்று நினைத்து மூடுவார். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவரோ வரி போட்ட பில்லே தரக் கூடாது. அவருக்கு உங்கள் பில்லில் வரிக் கட்டம் தானாக வந்து நின்றாலே தலைவலி.

வெற்றுப் பக்கத்துக்கு வருகிறேன். மளிகைக் கடையில் சாமான் வகை எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டும். ‘முதல் பொருளைச் சேருங்கள்’ என்று படித்ததும், மீதி ஆயிரத்தையும் சேர்க்க வேண்டுமே என்றுதான் அவருக்குத் தோன்றும். பொருளே வேண்டாம். பெயர், தொகை, ‘கொடுத்தேன்’ அல்லது ‘வந்தது’. இவ்வளவு போதும். பெயருக்குப் பக்கத்தில் போன் எண் கட்டாயம் என்று வைக்காதீர்கள். நீல சைக்கிள் பையனின் எண் கடைக்காரருக்கு எதற்கு, தினமும் கண்ணெதிரில் வருகிறவன்தானே.

இன்னொன்று. பதிவு செய்வது கடைக்காரர். மத்தியானம் அவர் சாப்பிட்டுத் தூங்கப் போனதும் கல்லாவில் உட்காருவது அவர் மனைவி, இல்லாவிட்டால் கல்லூரி விட்டு வரும் மகன். போன் கடைக்காரரின் பையில் போய்விடும். மத்தியானப் பாக்கி எல்லாம் நோட்டில், காலைப் பாக்கி எல்லாம் செயலியில் என்று இரண்டு கணக்கு ஓடினால் சனிக்கிழமை எது சரி? நோட்டுதான் ஜெயிக்கும், எப்போதும். முதல் இரண்டு நாளுக்குள் வீட்டிலுள்ள இரண்டாவது போனில் செயலியை ஏற்றவைக்க வேண்டும். கடைப் பையன் பதிவதற்குத் தனியாக ஒரு வழியும் வேண்டும். அவன் பாக்கி எழுதலாம், ஆனால் மொத்த வியாபாரம் எவ்வளவு என்பது அவன் கண்ணில் படக் கூடாது. இதைச் செய்யாத செயலியை எந்த முதலாளியும் பையன் கையில் கொடுக்க மாட்டார்.

---

மளிகை_பல்லடம் எழுதியது:

நான் கடைக்காரன். என் தரப்பையும் கேளுங்கள்.

இதேபோல் ஒரு செயலியை வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். அக்கா சொன்ன மாதிரி பெயரும் தொகையும்தான் கேட்டது, எனக்குப் பிடித்துப்போனது. ஆர்வமாக எல்லாப் பாக்கியையும் ஏற்றினேன். எண் தெரிந்தவர்களுக்கு எண்ணையும் போட்டேன். நான் ஒன்றும் அழுத்தவில்லை. ஒவ்வொருவருக்கும் ‘நீங்கள் இவ்வளவு ரூபாய் பாக்கி’ என்று என் கடைப் பெயரைப் போட்டு அதுவாகவே எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். என் அப்பா காலத்திலிருந்து வருகிறவர். 260 ரூபாய் நின்றிருந்தது. அவர் நேராகக் கடைக்கு வந்து, 500 ரூபாயை எண்ணெய் டின் மேல் வைத்து, ‘மீதியை வைத்துக்கொள், இனிமேல் எனக்கு மெசேஜ் அனுப்பாதே’ என்று சொல்லிவிட்டுப் போனார். மருமகள் கையிலிருந்த போனுக்குச் செய்தி போயிருக்கிறது. அவர் வீட்டில் யாருக்கும் தெரியாத பாக்கி அது. நான் மீதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய் எவ்வளவோ சொன்னேன். இன்றைக்கும் சாமான் எதிர்க் கடையில்தான் வாங்குகிறார்.

அன்று ராத்திரியே செயலியை அழித்தேன். உங்கள் அட்டவணையில் நானும் ‘பயன்படுத்தாமல் போனவர்’ என்று இருந்திருப்பேன். மறுநாள் ‘உங்களை மிகவும் மிஸ் செய்கிறோம்’ என்று எனக்கே ஒரு எஸ்எம்எஸ் வந்தது பாருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். போன் பேசுகிறவர் காலை பத்து மணிக்கு ஏன் பேசுகிறார்? ஏழிலிருந்து பத்தரை வரை எனக்குத் தலை தூக்க நேரமில்லை. சாயந்திரம் ஆறுக்கு மேல் அதே கதை. இரண்டிலிருந்து நாலு வரை ஈ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்போது கூப்பிட்டால் அரை மணி நேரம்கூடப் பேசுவேன்.

---

வளர்ச்சி_ரகு எழுதியது:

அக்கா சொன்ன சனிக்கிழமைக் கணக்கு மளிகைக்குப் பொருந்துகிறது, ஏற்கிறேன். ஆனால் ஹார்டுவேருக்கு அது பொருந்தாது. என் மாமா உடுமலையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவருக்கு பில்தான் உயிர். சிமென்ட், பைப் வாங்குகிற ஒப்பந்ததாரர்கள் ஜிஎஸ்டி பில் இல்லாமல் சரக்கை ஏற்றுவதில்லை. 22 செப்டம்பர் 2025 அன்று சிமென்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக மாறியபோது, அன்று காலையிலேயே சரியான வரியோடு பில் வந்ததால்தான் தன் செயலியை அவர் விடாமல் வைத்திருக்கிறார். எனவே ‘என்ன கடை’ என்று முதலில் கேட்டு, இரண்டு பாதையாகப் பிரிப்பது நல்லது.

அனுமதிகளைப் பற்றியும் ஒன்று. ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு அனுப்பவும் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தக் கேள்விப் பெட்டி மறுபடி வராது. போனின் அமைப்புகளுக்குள் அவரே போய்த்தான் மாற்ற வேண்டும். எந்தக் கடைக்காரர் அங்கே போகப்போகிறார்? நீங்கள் பதிவான அடுத்த நொடியில் மூன்று அனுமதியை அடுக்கிக் கேட்டு, இருக்கிற வாய்ப்பை வீணாக்குகிறீர்கள். ‘பாக்கி வர வேண்டிய நாளில் நினைவூட்டவா?’ என்று அவர் முதல் பாக்கியை எழுதி முடித்ததும் கேளுங்கள். இருப்பிடம் எதற்கென்று எனக்கே புரியவில்லை.

---

கோவை_நிரலாளர் எழுதியது:

பல்லடத்து அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் தானியங்கி எஸ்எம்எஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது, வாடிக்கையாளருக்கான செய்தி வார்ப்பை, நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்களுக்கான பதிவுத் தளமான டிஎல்டி-யில் பதிவு செய்து, ஒப்புதலும் வாங்கி வைத்திருக்கிறோம். இன்று நிறுத்தச் சொல்லிவிட்டேன். இருப்பிடம் கேட்டது விளம்பரப் பிரிவுக்காக, அதுவும் போகிறது.

அக்காவிடம் இரண்டு கேள்வி. ஒன்று, பழைய பாக்கியை யார் ஏற்றுவது? எண்பது, நூறு பெயர் நோட்டில் இருக்கும். அதைத் தட்டச்சு செய்யச் சொன்னால் மறுபடி அதே வெற்றுப் பக்கம்தானே. நாங்கள் நான்கு பேர், கடை கடையாகப் போக முடியாது. இரண்டு, பாக்கியில் தொடங்கி வைத்தால் நாங்கள் காசு பார்ப்பது பில், இருப்புக் கணக்கு வசதிகளில்தான். அங்கே எப்போது அழைத்துப் போவது?

---

கல்லாப்பெட்டி எழுதியது:

எண்பது பெயரையும் ஏற்ற வேண்டாம். தினமும் வருகிற பத்துப் பேரை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். அதுவும் பெயர், இன்று வரை உள்ள மொத்தம், அவ்வளவுதான். உள்விவரம் நோட்டிலேயே இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு ‘இதுவரை கூட்டியாயிற்று’ என்று எழுதச் சொல்வேன். கோட்டுக்குக் கீழே நோட்டில் எழுதக் கூடாது என்பது புரிந்துவிடும். மற்றவர்கள் கடைக்கு வரும்போது ஒவ்வொருவராக ஏறுவார்கள். எப்போதோ வாங்கி மறந்துபோனவர்களை ஏற்றவே வேண்டாம்; வராத பாக்கியின் மொத்தத்தைப் பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் காட்டினால் கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். முதல் பக்கத்தில் ‘இந்த வாரம் வர வேண்டியது’ மட்டும் தெரியட்டும்.

தட்டச்சு சிரமம் என்றால் பேசிப் பதிய வழி வையுங்கள். ‘டெய்லர் மணி நூற்று இருபது’ என்று சொன்னால் பதிவாக வேண்டும். ஆனால் சாயந்திரக் கூட்டத்தில் சொன்னால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும், அதனால் அது மத்தியான வேலைக்குத்தான் உதவும். சாயந்திரத்துக்கு, அதிகம் வருபவர்களின் பெயர்கள் மேலே பெரிய கட்டங்களாக இருக்க வேண்டும்; ஒரு தொடு, தொகை, ஒரு தொடு. அந்த நேரத்தில் இணையம் தள்ளாடும், இணையம் இல்லாமலும் பதிவாக வேண்டும். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் ஒன்றைச் சனிக்கிழமை ஏழு மணிக்குக் காட்டினீர்களானால் கதை முடிந்தது.

நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, நீங்கள் உட்கார்ந்து ஏற்றிக் கொடுப்பதும் ஒரு வழி. உங்களைப் போல் நான்கு பேர் இருக்கும் இடத்தில் தொடக்கத்துக்கு அது நடக்கும். ஆனால் ஊராருடைய கடன் விவரம் உங்கள் கைக்கு வருகிறது என்பதை மறக்காதீர்கள். கடைக்காரரிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, ஏற்றி முடித்ததும் படத்தை அழித்துவிட்டோம் என்று அவருக்குச் செய்தியும் அனுப்புங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் பல்லடத்துப் பெரியவர் இருக்கிறார்.

கடை கடையாகப் போக முடியாது என்கிறீர்கள். எல்லாக் கடைக்கும் போக வேண்டாம். ஒரே தெருவில் இரண்டு கடைக்குப் போங்கள், சனிக்கிழமை நில்லுங்கள், வாயைத் திறக்காமல் பாருங்கள். அங்கே ஒரு மணி நேரம் நின்றால், எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்று அலுவலகத்தில் வாரக் கணக்கில் வாதாட வேண்டியிருக்காது. பிறகு என்னைப்போலக் கணக்கு எழுதுகிறவர்களைப் பிடியுங்கள். ஊருக்கு ஊர் இருக்கிறோம், ஆளுக்குப் பல கடை கைவசம். கடைக்காரர் விளம்பரத்தைவிட எங்கள் பேச்சைக் கேட்பார். ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று எங்களுக்குக் காசு தராதீர்கள், பதிவு மட்டும்தான் கிடைக்கும். முதல் சனிக்கிழமையைத் தாண்டிய கடைக்கு இவ்வளவு என்று தாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு அவசரப்படாதீர்கள். ‘எங்கள் பொருள் வரவையும் இதில் ஏற்றலாமா?’ என்று கடைக்காரர் தானாகக் கேட்கும் நேரம் வரும். பெரும்பாலும் மொத்த வியாபாரி வரும் அன்று. மளிகைக்காரருக்கு வாங்க வேண்டிய பாக்கி மட்டும் இல்லை, கொடுக்க வேண்டிய பாக்கியும் உண்டு. சோப்பு, பிஸ்கட் விநியோகஸ்தரின் ஆள் பில்லை நீட்டி ‘போன வாரம் 1,400 நிற்கிறது’ என்பார். அது உண்மையா என்று பார்க்கச் செயலியில் ஒரு இடம் இருந்தால், கொள்முதல் பில் தானாகவே உள்ளே வரும். கொள்முதல் வந்தால் இருப்பு வரும். அதற்குப் பணம் கேட்டால் கொடுப்பார்கள்.

அந்தக் காலை 10 மணி அறிவிப்பை இன்றே நிறுத்துங்கள். வாரம் ஒன்று போதும், சனிக்கிழமை நாலு மணிக்கு: ‘இன்று வர வேண்டியவர்கள் 14 பேர், மொத்தம் 6,230 ரூபாய்’. அழுத்தினால் பட்டியல். இந்த ஒரு செய்தியை எந்தக் கடைக்காரரும் அணைக்க மாட்டார். வாடிக்கையாளருக்கு நினைவூட்டுவதைக் கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் செய்துகொள்வார், அவரிடமே விடுங்கள்.

ரகு தம்பி சொன்ன இரண்டு பாதை சரி. ஹார்டுவேருக்கு வரி சரியாக விழுந்த முதல் நிஜ பில், மளிகைக்கு முதல் வசூல். ஜவுளிக்கு என்ன என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதினால் நீளும். தீபாவளி நெருங்கும்போது தனியாகக் கேளுங்கள்.

---

மளிகை_பல்லடம் எழுதியது:

அக்கா, மொத்த வியாபாரி பாக்கி என்று சொன்னீர்களே, எனக்கு வேண்டியது அதுதான். விநியோகஸ்தர் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறான், ஒவ்வொருவனும் ஒரு தொகை சொல்கிறான்.

கோவைத் தம்பிக்கு: எஸ்எம்எஸ்ஸை நிறுத்தியது உண்மையென்றால் நான் ஒரு முறை ஏற்றிப் பார்க்கிறேன். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் கையில் சின்ன நோட்டு இருக்கிறது, அதை விடமாட்டார்கள். அவர்கள் கணக்கை அச்சில் கொடுத்தால் நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். என்னிடம் 58 மில்லிமீட்டர் புளூடூத் பிரின்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக விழாமல் உங்கள் செயலியிலிருந்து அச்சாகுமா?

---

கோவை_நிரலாளர் எழுதியது:

ஆகும் அண்ணா. அந்தப் பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. அதனால்தான் கட்டம் விழுகிறது. நாங்கள் பில்லை முழுவதும் படமாக மாற்றி அனுப்புகிறோம், கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து சரியாக இருக்கும். பாக்கிக் கணக்கை அச்சிடும் பொத்தான் மட்டும் இப்போது இல்லை, பில்லுக்குத்தான் இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்புகிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுகிறேன்.